வலி சொல்லும் அளவு

நம் விரல்களுக்குள் அவற்றை அசைக்கும் தசை ஒன்றுகூடக் கிடையாது. எலும்பு, மூட்டு, நரம்பு, இரத்தக்குழாய், கொஞ்சம் கொழுப்பு, இவற்றோடு தசைநாண்கள். அவ்வளவுதான். விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இருக்கின்றன. சிறியவை உள்ளங்கையில் இருக்கின்றன. இப்போதே சோதித்துப் பார்க்கலாம். வலது முன்னங்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, இடது கையால் லேசாகப் பற்றிக்கொண்டு வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்குங்கள். விரல் அசைவது ஓரிடம், தோலுக்கடியில் சதை நெளிவது வேறோர் இடம்.

அத்தனை தூரத்திலிருந்து இழுக்கும் வேலையைச் செய்பவை தசைநாண்கள். சைக்கிளின் பிரேக் கம்பி உறைக்குள் ஓடுவதுபோல் ஒவ்வொரு விரலிலும் தசைநாண்கள் வழுவழுப்பான உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை எலும்பை விட்டு விலகாமல் இருக்க ஆங்காங்கே வளையங்கள் உண்டு. மடக்கும் தசைநாண்கள், கட்டைவிரலைத் தவிர்த்து, விரலுக்கு இரண்டு. மேலே இருப்பது இரண்டாகப் பிளந்து நடு எலும்பில் பொருந்துகிறது. அந்தப் பிளவுக்குள் நுழைந்து வெளியே வந்து நுனி எலும்பைப் பிடித்துக்கொள்கிறது கீழே இருப்பது. கையை முழுதாக விரித்துவிட்டு இறுக மூடினால், நுனிவரை போகும் தசைநாண் சுமார் 3 சென்டிமீட்டர் வழுக்கி ஓடுகிறது. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை இது நடக்கிறது என்று நாம் எண்ணுவதே இல்லை. ஓட்டம் தடைப்படும் நாளில்தான் அப்படியொன்று இருந்ததே தெரியவருகிறது.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வாழ்க்கை பெரும்பாலும் கைகளால் நடக்கிற வாழ்க்கை. நாற்றுப் பறிப்பது, நடுவது, களை எடுப்பது, செடியிலிருந்து மல்லாட்டை (நிலக்கடலை) ஆய்வது, விதைக்காக மல்லாட்டையைக் கையால் உடைப்பது, பூக் கட்டுவது, மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருவது. இவற்றில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளாத வேலையோ, முழுக் கையும் இறுகப் பிடிக்காத வேலையோ இல்லை. விதை மல்லாட்டையை இன்றும் பல இடங்களில் கையாலேயே உடைக்கிறார்கள். பருப்பின் மேல்தோல் கிழிந்தாலும் முளை அடிபட்டாலும் விதை வீண். அந்தப் பதம் விரலுக்குத்தான் தெரியும். நெற்றின் முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்தும்போது என்ன நடக்கிறது என்பதை 1970களில் பொறியியலும் மருத்துவமும் சேர்ந்து கணக்கிட்டன. நுனியில் 1 கிலோ அழுத்தம் கொடுத்தால், மணிக்கட்டை ஒட்டியுள்ள கட்டைவிரலின் அடிமூட்டில் விழும் பாரம் சுமார் 12 கிலோ.

நல்ல மூட்டு இதைப் பல பத்தாண்டுகள் தாங்கும். முடக்கு வாதம் வந்த மூட்டின் கதை வேறு. கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் பாதுகாப்புப் படை, தன் சொந்த மூட்டையே எதிரியாக எண்ணித் தாக்குவதுதான் இந்த நோய். தாக்குதலின் முதல் களம் மூட்டின் உள்பக்கத்தை மூடியிருக்கும் சவ்வு. ஓரிரு செல் அடுக்கு மட்டுமே இருக்கவேண்டிய அந்த மெல்லிய படலம் தடித்து, இரத்தக்குழாய்கள் முளைத்து, குருத்தெலும்பின் மேல் படர்ந்து அதை அரிக்கத் தொடங்குகிறது. தசைநாண் ஓடும் உறைக்குள்ளும் இதே வகைச் சவ்வுதான் இருக்கிறது என்பதால் அங்கேயும் வீக்கம் வருகிறது. ஓடுகிற பாதை குறுகிப்போகிறது.

வயது முதிர்ந்து வரும் மூட்டுத் தேய்மானத்தோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். தேய்மானம் விரல் நுனி மூட்டுகளை விரும்பித் தாக்கும். முடக்கு வாதமோ நுனி மூட்டைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, விரல் கையோடு சேரும் முட்டி மூட்டு, நடு மூட்டு, மணிக்கட்டு ஆகியவற்றில் உட்காரும். பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வரும். டெல்லிக்கு அருகே உள்ள கிராமங்களில் நடந்து 1993இல் வெளியான ஓர் ஆய்வு, பெரியவர்களில் 0.75 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகச் சொன்னது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள், குடும்பத்தின் பாதி வேலை இரு கைகளில் நிற்கும் பருவத்தில், பலருக்கு இது தொடங்குகிறது. 20 லட்சம் பேருக்கு மேல் வாழும் விழுப்புரம் மாவட்டத்தில் இது ஆயிரக்கணக்கான வீடுகளின் விஷயம்.

“காலைல எழுந்தா கை விறைச்சுப் போவுது, பத்து மணி ஆனாதான் மடங்குது” என்று சொல்லும் பெண்களை இந்தப் பக்கத்து எந்த மருத்துவமனை வரிசையிலும் பார்க்கலாம். அந்த ஒரு வாக்கியம் பாதி நோயறிதலைச் செய்துவிடும். தேய்மானத்தில் காலை விறைப்பு பொதுவாக அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். முடக்கு வாதத்தில் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். காரணம் நம் உடலின் கடிகாரத்தில் இருக்கிறது. வீக்கத்தைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 போன்ற பொருள்கள் இந்நோயாளிகளின் இரத்தத்தில் விடியலுக்கு முன்பே ஏறி, அதிகாலையில் உச்சம் தொடுகின்றன. அவற்றை அடக்கவேண்டிய உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. இரவெல்லாம் அசையாமல் கிடந்ததால் வீங்கிய திசுவில் நீரும் தேங்கியிருக்கும்.

இதை எண்ணும்போதெல்லாம் என் மனதைப் பிசைவது ஒன்று உண்டு. நம் வீடுகளில் பெண்களின் கைக்கு வேலை குவிவது சரியாக அந்த நேரத்தில்தான். வாசல் தெளித்து, பெருக்கி, கோலமாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் நழுவவிட்டு இழை இழுத்து, தண்ணீர் பிடித்து, அடுப்பில் பாத்திரம் ஏற்றும் நேரம். நோய் உச்சத்தில் இருக்கும் மணியும் வேலை உச்சத்தில் இருக்கும் மணியும் ஒன்றாகிவிடுகின்றன. மருந்துச் சீட்டில் எழுதப்படாத ஒரு சிகிச்சை, அந்த ஒரு மணி நேர வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்வது.

சரி, இப்படி வீங்கி வலிக்கும் கையை என்ன செய்வது? அசைப்பதா, அசைக்காமல் வைப்பதா? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகெங்கும் மருத்துவர்கள் சொன்ன பதில், ஓய்வு. படுக்கையில் கிடத்தினார்கள், மூட்டுக்குக் கட்டுப் போட்டார்கள். வலிக்கும் இடத்தைத் தொந்தரவு செய்யாதே என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் மூட்டின் குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய்கள் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு உணவும் ஆக்சிஜனும் போகவேண்டும். மூட்டு அசையும்போது குருத்தெலும்பு அழுந்திப் பழைய நீரை வெளிவிடுகிறது, அழுத்தம் விலகும்போது புதிய நீரை உள்ளிழுக்கிறது. அசைவு நின்றால் அந்த உணவு வழங்கலும் மங்கிவிடுகிறது. தசைநாண் ஓடாத உறையில் ஒட்டுகள் வளரும். தசை மெலியும். தசை மெலிந்தால் மூட்டைத் தாங்க ஆளில்லை. ஓய்வால் வலி குறைந்தது. கூடவே கையும் குறைந்தது.

மென்மையான அசைவு விறைத்த கையை என்ன செய்யும் என்பதற்கான மிக நுட்பமான பாடங்களில் சில, திண்டிவனத்துக்கு வடக்கே இருக்கும் செங்கல்பட்டில் தொடங்கின. அங்கே பாடம் சொன்னது வேறொரு நோய்.

1947. கொல்லிமலையில் 1914இல் பிறந்தவரும், முந்தைய ஆண்டில்தான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தவருமான பால் பிராண்ட், செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். ராபர்ட் காக்ரேன் அதன் பொறுப்பில் இருந்தார். விரல்கள் மடங்கிச் சுருங்கிய கைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்த பிராண்ட், ஒரு நோயாளியிடம் தன் கையை நீட்டி அழுத்தச் சொன்னார். முடமாகத் தெரிந்த அந்தக் கை அவர் கையை நொறுக்கிவிடும்போல் பிடித்தது. பிராண்டுக்கு வலி தாங்கவில்லை. பிடித்தவருக்கோ தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை. அந்தக் கணத்தில் பிராண்டுக்கு ஒன்று விளங்கியது. கையின் எல்லாத் தசைகளும் செத்துவிடவில்லை. முன்னங்கையில் வலுவான தசைகள் முழுதாக இருக்கின்றன.

அடுத்து வந்த ஆண்டுகளில் வேலூரில் அவர் அந்த வலுவான தசைகளின் நாண்களை எடுத்துச் செயலிழந்த விரல்களுக்கு மாற்றிப் பொருத்தினார். அறுவை சிகிச்சைதான் பெயர் பெற்றது. அதைவிட நம் கதைக்கு வேண்டியது அறுவைக்கு முன்னும் பின்னும் நடந்தது. பல ஆண்டுகளாக மடங்கியே கிடந்து இறுகிப்போன விரலை நிமிர்த்தாமல் அறுவை செய்து பயனில்லை. பலமாக இழுத்து நிமிர்த்தலாமா? இழுத்தால் திசு உள்ளே கிழிகிறது. கிழிந்த இடத்தில் வீக்கம் வருகிறது. வீக்கம் ஆறும்போது தழும்பு விழுகிறது. தழும்பு முன்னைவிடக் கெட்டியாக இறுக்குகிறது. ஆகவே பிராண்டும் அவரோடு வேலை செய்தவர்களும் விரலை இதமாக, அது தானாகப் போகும் எல்லைவரை மட்டும் நிமிர்த்தி, அந்த நிலையில் மெல்லிய மாவுக்கட்டு போட்டார்கள். சில நாள் கழித்துக் கட்டைப் பிரித்தால் விரல் இன்னும் சிறிது நிமிர இடம் கொடுக்கும். மறுபடி கட்டு. இழுத்துப் பிடித்ததால் திசு நீளவில்லை. மெல்லிய இழுவிசை நெடுநேரம் இருந்ததால், இங்கே இன்னும் கொஞ்சம் நீளம் தேவை என்று செல்கள் உணர்ந்து புதிய திசுவை வளர்த்துக்கொண்டன. உயிருள்ள திசு அவசரத்துக்குக் காயத்தால் பதில் சொல்லும், பொறுமைக்கு வளர்ச்சியால் பதில் சொல்லும். வேலூரில் கண்ட அந்த உண்மை இன்று உலகெங்கும் கை மறுவாழ்வு மருத்துவத்தின் அடித்தளங்களில் ஒன்று.

இன்னொரு நிகழ்ச்சியைப் பிராண்ட் தம் நூலில் எழுதியிருக்கிறார். துருப்பிடித்த பூட்டு ஒன்றில் சாவியைத் திருப்ப முடியாமல் அவர் திணறிக்கொண்டிருந்தபோது, தொழுநோய் கண்ட ஒரு சிறுவன் வந்து சட்டென்று திருப்பிவிட்டான். வியந்த பிராண்ட் அவன் கையைப் பார்த்தார். சாவி அழுத்திய விரலில் எலும்பு தெரியுமளவுக்குச் சதை கிழிந்திருந்தது. அவனுக்கு வலிக்கவில்லை. பிராண்டிடம் அவனைவிடக் குறைந்த பலம் இருக்கவில்லை. அவர் விரலில் வலி இருந்தது, அது போதும் நிறுத்து என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் அவர் செய்த ஆய்வுகள், ஒருமுறை கொடுத்தால் ஒன்றுமே ஆகாத சிறு அழுத்தம்கூட, ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை விழுந்தால் புண்ணாகும் என்று காட்டின. மல்லாட்டை உடைக்கும் விரலுக்கும் இது பொருந்தும்.

தொழுநோய் வலியைப் பறித்துவிடுகிறது. முடக்கு வாதம் வலியைக் கொட்டித் தருகிறது. ஆனால் இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. செங்கல்பட்டிலும் வேலூரிலும் இருந்த நோயாளிகளிடம் இல்லாத ஓர் அளவுகோல் முடக்கு வாதக்காரரிடம் இருக்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் பயிற்சியின் பாதி என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிசியோதெரபிஸ்டுகள் இதற்கு எளிய கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். பயிற்சி செய்யும்போது லேசான இழுப்பும் சிறு வலியும் இருந்தால் பரவாயில்லை. பயிற்சி முடிந்து 2 மணி நேரம் ஆன பிறகும் வழக்கத்தைவிட வலி கூடுதலாக இருந்தால், அன்று செய்தது அதிகம். மறுநாள் எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும். நிறுத்தவேண்டியதில்லை, குறைக்கவேண்டும்.

பயிற்சி உண்மையிலேயே பலன் தருகிறதா, கையைக் கெடுத்துவிடாதா என்பதைப் பெரிய அளவில் சோதித்த ஆய்வு பிரிட்டனில் நடந்தது. சாரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த ஆய்வின் முடிவுகள் 2015இல் லான்செட் இதழில் வந்தன. 17 இடங்களில் இருந்து 490 நோயாளிகள். எல்லோரும் வழக்கமான மருந்துகளில் நிலைபெற்றவர்கள். பாதிப் பேருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். மீதிப் பேருக்கு அதோடு, 12 வாரங்களில் சில முறை சிகிச்சையாளரைச் சந்தித்துக் கற்று, வீட்டில் தினமும் செய்யவேண்டிய கைப்பயிற்சி. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, கையின் செயல்திறனை 100க்கு மதிப்பிடும் அளவுகோலில் வழக்கமான சிகிச்சைக் குழு சுமார் 3.6 புள்ளி முன்னேறியிருந்தது. பயிற்சிக் குழு சுமார் 7.9 புள்ளி. இரண்டு மடங்குக்கும் மேல். பயிற்சியால் வலி கூடவில்லை.

இரண்டு ஆண்டுகள் தாண்டி மறுபடி பார்த்தபோது குழுக்களுக்கு இடையிலான அந்த இடைவெளி சுருங்கியிருந்தது. எனக்கு இதுவும் முக்கியமான செய்தியாகத்தான் படுகிறது. தசையும் தசைநாணும் சேமித்து வைப்பதில்லை.

அந்தத் திட்டத்தில் ஏழு அசைவுப் பயிற்சிகளும் நான்கு வலுப் பயிற்சிகளும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருப்பதைப் பார்க்கும்போதுதான் இதன் அழகு தெரிகிறது.

முதலில் தசைநாண் ஓட்டம். விரல்களை நேராக நீட்டவேண்டும். பிறகு முட்டி மூட்டை நேராகவே வைத்துக்கொண்டு மற்ற இரு மூட்டுகளை மட்டும் மடக்கிக் கொக்கிபோல் ஆக்கவேண்டும். பிறகு முழுதாகக் கையை மூடவேண்டும். முழு மூடலில் நுனிவரை போகும் தசைநாண் தன் முழுத் தூரமும் ஓடுகிறது. கொக்கி நிலையிலோ மேல் தசைநாணும் கீழ்த் தசைநாணும் ஒன்றையொன்று உரசி வெவ்வேறு தூரம் நகர்கின்றன. இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் பிரித்து வைக்க இதைவிட நல்ல வழி இல்லை. முட்டி மூட்டுகளை மட்டும் மடக்கி விரல்களைப் பலகைபோல் நீட்டி வைப்பது இன்னொன்று. இந்நோய் முதலில் கைவைக்கும் மூட்டுகள் அவைதான் என்பதால் அதற்குத் தனி இடம்.

உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைத்து, ஒவ்வொரு விரலாகக் கட்டைவிரல் பக்கம் நகர்த்துவது ஒரு பயிற்சி. பார்க்கச் சின்ன விஷயம். முடக்கு வாதம் முற்றிய கைகளில் விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். மூட்டைத் தாங்கும் நார்கள் தளரும்போது விரல்களை அந்தப் பக்கம் தள்ளுபவை நம் அன்றாட வேலைகளே. துணியைப் பிழிவது, இறுகிய மூடியைத் திருப்புவது, கனமான பாத்திரத்தை விளிம்பைப் பிடித்துத் தூக்குவது எல்லாம் அதே திசையில்தான் தள்ளுகின்றன. விரல் நகர்த்தும் பயிற்சி அதற்கு எதிர்த்திசையில் உள்ள சிறு தசைகளை எழுப்புகிறது. விரல்களை அகல விரிப்பது, மணிக்கட்டை வட்டமாகச் சுழற்றுவது இரண்டையும் விளக்கத் தேவையில்லை. கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவதும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவதும் கைப்பயிற்சியில் ஏன் வந்தன என்று கேட்கலாம். பின்னல் போட, பூ வைக்க, ரவிக்கையின் பின்கொக்கி மாட்ட, முதுகு தேய்க்கத் தோளும் முழங்கையும் ஒத்துழைக்கவேண்டும். விரல் எவ்வளவு நன்றாக மடங்கினாலும் அது போய்ச்சேரவேண்டிய இடத்துக்குக் கொண்டுபோவது தோள்தானே.

வலுப் பயிற்சிகளில் என்னை மிகவும் கவர்ந்தது மணிக்கட்டுக்கானது. ஒரு சோதனை செய்யுங்கள். மணிக்கட்டை உள்பக்கமாக முழுதாக மடக்கி வைத்துக்கொண்டு, அப்படியே கையை இறுக மூடப் பாருங்கள். பிடி வராது. மணிக்கட்டைச் சற்று மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு மூடினால் பிடி தானாக இறுகும். மணிக்கட்டு கீழே மடங்கும்போது மடக்கும் தசைநாண்கள் தளர்ந்து தசை இழுக்க வகையில்லாமல் போகிறது, மேல்பக்கத்துத் தசைநாண்களோ விரலைத் திறக்கும் திசையில் இழுபடுகின்றன. ஆக, குடத்தைப் பிடிக்கும் பலம் பாதி மணிக்கட்டைத் தூக்கி நிறுத்தும் தசைகளில் இருக்கிறது. அவற்றுக்கு ரப்பர் பட்டையைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை உயர்த்தி, மெதுவாக, மிக மெதுவாக இறக்கும் பயிற்சி. மற்ற மூன்றும் இறுகப் பிடிப்பது, கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளைக் கிள்ளுவது, இரண்டு விரல்களுக்கு இடையில் ஒன்றை வைத்து நெருக்குவது. கடையில் விற்கும் பயிற்சிக் களிமண் வேண்டும் என்பதில்லை. இளக்கமாகப் பிசைந்த சப்பாத்தி மாவும் மென்மையான ஸ்பாஞ்சும் போதும். எட்டுப் பத்துத் தடவை, வாரம் செல்லச் செல்லச் சிறிது கூட்டி.

எழுந்த உடனே விறைத்த கையோடு இவற்றைத் தொடங்கவேண்டாம். கையைக் கதகதப்பான நீரில் சில நிமிடம் வைத்த பிறகோ, விறைப்பு விட்ட முற்பகலிலோ செய்தால் போதும். மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கியிருக்கும் நாள்களில் வலுப் பயிற்சிகளை விட்டுவிட்டு அசைவுப் பயிற்சிகளை மட்டும் மிக இதமாகச் செய்வது முறை. சிகிச்சையாளர் ஒருவரிடம் ஒருமுறையாவது நேரில் கற்றுக்கொண்டு தொடங்குவது நல்லது. எந்த மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்லமுடியும்.

“நாள் பூரா வேலை செய்யற கைம்மா இது, இதுக்குத் தனியா வேற பயிற்சியா?” என்று பெண்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதற்கு நேர்மையான பதில் தரவேண்டும். வேலை, கையின் ஒரு பகுதியை மட்டுமே கேட்கிறது. நாற்று நடும் கை பாதி மூடியே இருக்கிறது. மல்லாட்டை உடைக்கும் விரல் ஒரே கோணத்தில் நூற்றுக்கணக்கான தடவை அழுத்துகிறது. பூக் கட்டும் விரல்கள் முழுதாக விரிவதே இல்லை. மடக்கும் தசைகள் களைத்துப்போகின்றன, விரிக்கும் தசைகள் தூங்குகின்றன, தசைநாண் தன் ஓட்டத்தின் நடுப்பகுதியில் மட்டும் போய்வருகிறது. இரு முனைகளிலும் பாதை தூர்ந்துபோகிறது. பயிற்சி கேட்பது வேலை கேட்காத அந்த முனைகளை. இன்னொன்று, வேலைக்கு முடிவு உண்டு, அந்த நெற்றுக் குவியல் தீரும்வரை கை நிறுத்தக்கூடாது. பயிற்சியில் நிறுத்தும் உரிமை கைக்கு இருக்கிறது.

வேலையை விடச் சொல்ல யாராலும் முடியாது. சுமையை இடம் மாற்றலாம். குடத்தை விரலில் தொங்கவிடாமல் இடுப்பில் ஏற்றி முன்னங்கையால் அணைக்கலாம். வாணலியை இரு உள்ளங்கைகளாலும் ஏந்தலாம். துணியை முறுக்கிப் பிழியாமல் குழாயில் சுற்றி அழுத்தி வடியவிடலாம். கரண்டி, துடைப்பம், கத்தி ஆகியவற்றின் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கினால் விரல் அத்தனை இறுகவேண்டியதில்லை.

இவை அனைத்தும் மருந்துக்குத் துணை. மருந்துக்குப் பதில் அல்ல. பயிற்சியால் மூட்டுச்சவ்வின் போரை நிறுத்த முடியாது. அதை நிறுத்த உலகெங்கும் முதலில் கொடுக்கப்படும் மாத்திரை மெத்தோட்ரெக்ஸேட். அதன் பிறப்பில் சென்னைக்கும் பங்குண்டு. பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமை தாங்கிய லெடர்லே ஆய்வுக்கூடத்தில்தான் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் மருந்துகள் 1940களில் உருவாயின. அவற்றில் ஒன்றாகப் புற்றுநோய்க்காகப் பிறந்த மெத்தோட்ரெக்ஸேட், மிகச் சிறிய அளவில் முடக்கு வாதத்தை அடக்கும் என்று தெரிந்து, 1988இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது. ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். முடக்கு வாதத்துக்கு இது வாரம் ஒரு நாள் மட்டும் எடுக்கும் மருந்து. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் கிழமையைக் குறித்துவைப்பது வீட்டில் உள்ள பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் பேருந்து ஊருக்குள் நுழையும் கோரிமேட்டிலேயே ஜிப்மர் இருக்கிறது. இதுபோன்ற நோய்களுக்கென்றே அங்கே தனித் துறை உண்டு. தமிழ் நோயாளிகளின் மரபணுக்களுக்கும் முடக்கு வாதத்துக்கும், மெத்தோட்ரெக்ஸேட் மருந்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்து அத்துறை பல ஆய்வுகள் வெளியிட்டிருக்கிறது. விழுப்புரத்துக்காரர்களுக்கு 2010இல் தொடங்கிய முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீடுகளுக்கே போகிறார்கள். பெரும்பாலும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும்தான் அவர்கள் நேரம் போகிறது. வாசலுக்கு வருபவரிடம் “என் கையையும் கொஞ்சம் பாருங்க தம்பி” என்று கேட்கத் தயங்கவேண்டாம்.

கேட்கவேண்டிய, காத்திருக்கக்கூடாத நேரங்கள் சில உண்டு. கை மரத்துப்போய் இரவில் விழிப்பு வந்தால், மணிக்கட்டுச் சுரங்கத்தில் நரம்பு நசுங்கியிருக்கலாம். ஒருநாள் திடீரென்று சுண்டுவிரலை மட்டும் தூக்கமுடியாமல் போனால், வலி இல்லாவிட்டாலும், அன்றே மருத்துவரைப் பார்க்கவேண்டும். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு அரிக்கப்பட்டுக் கூராகி, அதன்மேல் ஓடும் நீட்டும் தசைநாணை அறுத்திருக்கக்கூடும். கவனிக்காமல் விட்டால் அடுத்து மோதிர விரலின் நாண், அதற்கடுத்து நடுவிரலின் நாண் என்று வரிசையாக அறும். சீக்கிரம் போனால், அறுந்த நாணைப் பக்கத்து விரலின் நாணோடு இணைத்தோ, வேறொரு தசையின் நாணை எடுத்து மாற்றிப் பொருத்தியோ விரலை மீட்கலாம். 1940களின் இறுதியில் வேலூரில் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளில் செய்த அதே வகை வேலைதான் இது. கட்டுப் பிரித்ததும் நோயாளி முதலில் செய்யப்போவதும் பயிற்சிதான். விரலை மெதுவாகத் தூக்கி, சில நொடி நிறுத்தி, மெதுவாக இறக்குவது, ஒரு நாளில் சில தடவை.